கார் இறங்காத வாசல்

காரை நல்லாப் பாத்துக்குங்க தம்பி. கதவைத் தெறந்து பாருங்க, பானெட்டைத் தூக்கிப் பாருங்க, உக்காந்து ஸ்டார்ட் பண்ணியும் பாருங்க. ஓட்டிப் பாக்கறதுதான் இன்னிக்கு ஆகாது. ஏன்னு வாசல்ல நின்னாலே தெரியுமே. கார் நிக்கற தரை எங்கே இருக்குது, ரோடு எங்கே இருக்குது. நடுவுல முழங்கால் உசரத்துக்குத் துண்டா நிக்குது. நீங்க வாங்கறதா முடிவு பண்ணினா, பெரிய பலகையாப் பாத்து ரெண்டு கொண்டாந்து போட்டு, ஆள் பிடிச்சுத்தான் இறக்கோணும். அது என்ற பொறுப்பு. கீறல் விழாம இறக்கித் தர்றேன்.

சிரிக்காதீங்க. எல்லாரும் சிரிக்கறாங்க. போன வாரம் பாக்க வந்தவரு, "ஏனுங்க, காரை உள்ள நிறுத்திப்போட்டு அப்புறமா வீட்டைக் கட்டுனீங்களா"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு.

உக்காருங்க, டீ வெச்சுத் தர்றேன். பாக்கியம் இல்லை. என்ற வீட்டுக்காரிங்க, தனபாக்கியம். தெரு மொனையில தையக்காரம்மா வீடு இருக்குது, அங்க போயிருக்கறா. அவ வர்றதுக்குள்ள எதுக்கு விக்கறேன்னு சொல்லிப்போடறேன். அவ இருந்தா வேற மாதிரி சொல்லுவா.

என்ற பேரு சென்னியப்பன். மில்லுல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவன். இந்த மில் காலனியில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ரொம்ப வருசம் குடியிருப்போர் சங்கத்துக்கு நாந்தான் தலைவர். இப்ப இல்லை. ஏன் இல்லைங்கறதையும் சொல்றேன்.

இந்த வீடு கட்டுனப்ப வீடு மேல இருந்துச்சு, ரோடு கீழ இருந்துச்சு. முனிசிபாலிட்டிக்காரங்க என்ன பண்ணுனாங்க, பழைய ரோட்டைச் சொரண்டி எடுக்காம, அதும் மேலயே ஜல்லியைக் கொட்டி, அதும் மேலயே தாரை ஊத்தி, ஒவ்வொரு தடவையும் ரோட்டை உசத்திக்கிட்டே வந்தாங்க. மழை பேஞ்சா சாக்கடைத் தண்ணி போர்டிகோவுக்குள்ள வந்துரும். சரின்னு நானும் தரையை உசத்துனேன். எல்லாரும் உசத்துனாங்க. உசத்துனா கார் ஏறோணுமில்லீங்க? கேட்டுக்கு வெளிய சிமெண்டுல ஸ்லோப்பு போட்டேன். எல்லாரும் போட்டாங்க.

அது பிளாட்பாரத்து எடந்தான், நான் இல்லைங்கலை. ஆனா பிளாட்பாரம்னு அங்க என்ன இருந்துச்சு? உடைஞ்ச சிலாப்பும் செடியும் இருந்துச்சு. நாய் படுத்திருக்கும். நாமளாச்சும் அதைச் சுத்தமா வெச்சிருந்தோம். என்ற ஸ்லோப்பு மாதிரி இந்தக் காலனியிலயே கிடையாது. டயர் வழுக்கக்கூடாதுன்னு கோடு கோடாக் கீறி, ரெண்டு ஓரமும் காவி பூசி வெச்சிருந்தேன். பக்கத்து வீட்டு அங்கப்பன் வந்து பாத்துட்டு, என்ற கொத்தனாரையே கூப்புட்டு அதே மாதிரி போட்டுக்கிட்டான். அவனுக்கு ரெண்டு காரு. ஒண்ணு உள்ள நிக்கும், ஒண்ணு ரோட்டோரத்துல நிக்கும்.

இப்படி எல்லாம் ஒழுங்காப் போயிட்டிருந்தப்பத்தான் அந்தத் தையக்காரம்மா மனுக் குடுத்துச்சு. மெஹருன்னிசான்னு பேரு. சின்ன வயசுல போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போச்சு. கக்கத்துல கட்டை வெச்சுத்தான் நடக்கும். தங்கமான பொண்ணு, தையல் சுத்தமா இருக்கும், அதுல நான் குறை சொல்லமாட்டேன். ஆனா நேரா முனிசிபாலிட்டிக்குப் போயி, எங்க வீதியில நடக்க எடமில்லை, பிளாட்பாரம் பூராவும் ஸ்லோப்பு, மிச்ச எடத்துல காரு, நடு ரோட்டுலதான் கட்டையை ஊணிப் போறேன்னு எழுதிக் குடுத்துருச்சு.

எங்க வார்டு கவுன்சிலர் சுகுணான்னு ஒரு பொண்ணு. மொத தடவை ஜெயிச்சது. அனுபவம் பத்தாது. அந்த மனுவைத் தூக்கிக்கிட்டு என்ஜினியரையே கூட்டிட்டு வந்துருச்சு. அந்த ஆளு டேப்பைப் பிடிச்சு அளந்து, எங்க ஒவ்வொருத்தர் ஸ்லோப்புலயும் செவப்புப் பெயிண்டுல பெருக்கல் குறி போட்டுப்போட்டுப் போனாரு. இது வரைக்கும் இடிக்கறதாம். சாக்கடைக்கு மூடி போட்டு, மேல கல்லுப் பதிச்சு, மொனையில இருந்து மாரியம்மன் கோயில் வரைக்கும் பிளாட்பாரமாம். அங்கப்பன் ஓடி வர்றான், என்னுங்க பண்றதுன்னு. சங்கத் தலைவர்னா நாந்தானுங்களே முன்ன நிக்கோணும்.

சமுதாயக் கூடத்துல கூட்டம் போட்டாங்க. ஏரியா சபைக் கூட்டம்னு பேரு. நான் எந்திரிச்சுக் கேட்டேன். "ஏம்மா, உன்னொருத்திக்காக இத்தனை வீட்டு வாசலையும் இடிக்கோணுமா?" மரியாதையாத்தான் கேட்டேன். அந்தப் பொண்ணு சொல்லுச்சு, "நான் இடிக்கச் சொல்லலீங்கய்யா. நான் எங்க நடக்கறதுன்னுதான் கேட்டேன்." அதுக்கு என்ஜினியரே பதில் சொல்லலை, நான் எதுக்குங்க சொல்லோணும்? இருந்தாலும் மனசு கேக்கலை. "உனக்கு எங்க போவோணும்னாலும் எனக்கு ஒரு போனைப் போடும்மா. நானே கார்ல கொண்டு போய் விடறேன்"னு எல்லாரு முன்னாலயும் சொன்னேன். கூட்டம் பூராக் கைதட்டுனாங்க. யாரு தம்பி இப்படிச் சொல்லுவாங்க? ஆனா பாருங்க, அந்தப் பொண்ணு ஒருக்கா கூடப் போன் பண்ணலை. அவ்வளவு பிடிவாதம்.

அப்புறம் நாங்க கொஞ்சம் பேரு கவுன்சிலர் வீட்டுக்குப் போனோம். மிரட்டலைங்க. அடுத்த எலெக்சன்னு ஒண்ணு வருமில்ல கண்ணுன்னு சொன்னோம், அவ்வளவுதான். அதுக்குள்ள வேலையை ஆரம்பிச்சு மொனையில இருந்து கல்லுப் பதிச்சுக்கிட்டு வந்தவங்க மொத வீட்டோட நிறுத்திப்போட்டுச் சாமானைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. வேணும்னா போறப்பப் பாருங்க. தையக்காரம்மா வீட்டு முன்னால மட்டும் புதுக் கல்லு இருக்கும். அதுக்கு அக்கட்ட ஒண்ணும் இருக்காது.

சங்கத்துல எனக்குச் சால்வை போட்டாங்க. பாக்கியம் அதை வாங்கி மடிச்சுக்கிட்டே, "அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சுங்க?"ன்னு கேட்டா. என்னமோ சொல்லுச்சுன்னேன். அவ அதுக்கு மேல கேக்கலை. அவ எதுவுமே ரெண்டாந்தரம் கேக்கமாட்டாளுங்க. அதுதான் எனக்குப் பழக்கம். முடிஞ்சுதுன்னு நெனச்சுக்குவேன்.

ஐப்பசி மாசம். காலையில நான் வாசல்ல காரைக் கழுவிக்கிட்டிருந்தேன். பாக்கியம் பால் வாங்கப் போனவ திரும்பி வர்றா. அங்கப்பன் காரு ரோட்டோரம் நிக்குது. அதைச் சுத்தி வந்தா நடு ரோடுதான். பின்னால பைப் ஏத்துன டெம்போ ஒண்ணு ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்துச்சு. இவ அவசரத்துல நம்ம ஸ்லோப்பு ஓரத்துல காலை வெச்சு ஏறப் பாத்திருக்கறா. எனக்கு மொதல்ல கேட்டது பால் பாக்கெட்டு வெடிச்ச சத்தந்தான். திரும்பிப் பாத்தா அவ ரோட்டுல கெடக்கறா. டெம்போ அவ மேல ஏறலை. இடுப்புல ஒரு இடி, அவ்வளவுதான். ஆனா எந்திரிக்க முடியலை. "பாக்கியம், பாக்கியம்"னு கூப்புடறேன், அவ என்னைப் பாத்து, "சேலையை இழுத்து விடுங்க"ங்கறா. முழங்காலு தெரியுதாம். அந்த நேரத்துலயும் அதுதான் அவளுக்கு.

இடுப்பு எலும்பு ஒடைஞ்சுபோச்சு. ஆபரேசன் பண்ணிப் பிளேட் வெச்சாங்க.

நான் டெம்போக்காரனை விடலை. ஸ்டேசன்ல போயி உக்காந்துக்கிட்டேன். எஸ்.ஐ. என்னையவே கேக்கறாரு, "ஸ்லோப்புல தண்ணி நின்னுச்சுங்களா?"ன்னு. காரைக் கழுவுனா ஈரம் இருக்கத்தானுங்களே செய்யும்? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? டெம்போ மெதுவா வந்திருந்தா ஈரம் என்ன பண்ணும்? நீங்களே சொல்லுங்க.

அப்புறம் அந்த எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கே வந்து பாக்கியத்துகிட்டக் கேட்டாரு. நான் கட்டில் பக்கத்துலயே நிக்கறேன். என்ன சொல்லோணும்னு முன்னாலயே சொல்லியும் வெச்சிருந்தேன், வேகமா வந்தான்னு சொல்லுன்னு. இவ சொல்றா, "வண்டி அதும்பாட்டுக்கு அது வழியில வந்துச்சுங்க. நாந்தான் வண்டி வழியில நடந்தேன். எனக்கு வேற வழி இல்லைங்க." அவ்வளவுதான். எழுதிக்கிட்டாரு. கேஸே நிக்கலை. ஆஸ்பத்திரி வராண்டாவுல அந்த டிரைவர் தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தான். இவ என்னை விட்டே அவனை வீட்டுக்குப் போகச் சொல்ல வெச்சா. பாத்தீங்களா, தம்பி. அடிபட்டது அவ இடுப்பு, அவளே விட்டுப்போட்டா நான் என்ன பண்றது?

வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். டாக்டரு கண்டிசனாச் சொல்லிட்டாரு, தினமும் நடக்கோணும், நடக்கலைன்னா படுக்கைதான்னு. நாலு கால் வாக்கர் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். ஹாலுக்குள்ளயே இந்தச் செவுத்துக்கும் அந்தச் செவுத்துக்கும் நடந்தா. அப்புறம் வெளிய போறேன்னா. கேட்டைத் தாண்டி ஸ்லோப்புல வாக்கரை வெச்சா அது அவளை இழுத்துக்கிட்டுக் கீழ போவுது. கேட்டுக் கம்பியைப் பிடிச்சவ விடவே இல்லை. நான் தூக்கிட்டு வந்து உள்ள உக்கார வெச்சேன். "பூங்காவுக்குக் கார்ல கூட்டிட்டுப் போறேன், அங்க நட"ன்னு சொன்னேன். ஒரு நாள் வந்தா. மறுநாள் வரமாட்டேனுட்டா. "நடக்கறதுக்குக் கார்ல போறதாங்க?"ங்கறா. இதுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?

அந்தச் சமயத்துலதான் தையக்காரம்மா வீட்டுக்கு வர ஆரம்பிச்சுது. மத்தியானமாச் சோத்தைத் தின்னுட்டுக் கட்டையை ஊணிக்கிட்டு வரும். எந்தக் காலை மொதல்ல வைக்கறது, எந்தக் கையில பாரத்தைப் போடறதுன்னு இவளுக்குச் சொல்லிக் குடுக்கும். நான் உள்ரூம்புல படுத்திருப்பேன். ரெண்டு பேரும் சிரிக்கறது கேக்கும். என்னமோ சிரிக்கறாங்க. நான் போனா நிறுத்திருவாங்க.

பொள்ளாச்சியில மச்சான் வீட்டுல ஒரு காதுகுத்து. பாக்கியத்தால வர முடியாது. ஒறம்பரை, சொந்தமெல்லாம் வருத்தப்படுவாங்க, நீங்க போயிட்டு வாங்கன்னு அவளேதான் அனுப்பிச்சா. காரை எடுக்கப் போனேன், "கார் எதுக்குங்க, பஸ்ஸுல சொகமாப் போயிட்டு வாங்க"ன்னா. அப்பக்கூட எனக்கு ஒண்ணும் தோணலை.

சாயந்திரம் திரும்பி வர்றேன், வாசல்ல ஸ்லோப்பு இல்லை.

இல்லைன்னா இல்லைங்க. சுத்தமா எடுத்துப்போட்டு, மண்ணைத் தட்டிச் சமமாக்கி, மேல சிலாப்பு போட்டிருக்குது. எனக்கு ஸ்லோப்பு போட்டுக் குடுத்த அதே கொத்தனாரு கையைக் கழுவிக்கிட்டு நிக்கறான். கேட்டுக்கு உள்ளார ஒரு ஓரமாப் படி கட்டியிருக்குது, பிடிச்சுக்கப் பைப்பு வெச்சிருக்குது. நீங்க ஏறி வந்தீங்களே, அந்தப் படிதான். பாக்கியம் சேர் போட்டு உக்காந்து பாத்துக்கிட்டிருக்கறா. காரு உள்ள நிக்குது.

"யாரைக் கேட்டு இடிச்சே?"ன்னேன்.

"கட்டுனப்ப யாரைக் கேட்டோமுங்க?"ன்னா.

கொத்தனாரு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். நான் கத்தலாம்னு பாத்தேன். தெருவே வேடிக்கை பாக்குது. "காரு எப்படி வெளிய வரும்?"னு மட்டும் கேட்டேன். அவ ரொம்பச் சாதாரணமா, "நான் எப்படி வெளிய வர்றதுன்னு நீங்க ஒரு நாள் கேட்டிருந்தா, ரெண்டுக்கும் சேர்த்து யோசிச்சிருக்கலாமுங்க"ன்னு சொன்னா. சொல்லிப்போட்டு, "பொள்ளாச்சியில சாப்பாடு எப்படி?"ன்னு கேக்கறா. நான் கொஞ்ச நாள் அவகிட்டப் பேசலைங்க. அவ பேசுனா. நான் பேசலை.

திரும்ப ஸ்லோப்பு போட வேண்டியதுதானேன்னு நீங்க கேக்கலாம். அந்தக் கொத்தனாரைக் கூப்புட்டேன். வந்தான், இவளைப் பாத்தான், நாளைக்கு வர்றேனுங்கன்னு போனவன் போனவன்தான்.

அன்னில இருந்து தினமும் காலையில இவ படியைப் பிடிச்சு இறங்கி நடப்பா. எங்க நடப்பா? நம்ம வீட்டு அகலத்துக்குத்தான் சமமா இருக்குது. அந்தப் பக்கம் அங்கப்பன் ஸ்லோப்பு, இந்தப் பக்கம் இன்னொருத்தர் ஸ்லோப்பு. அங்க வரைக்கும் போயி வாக்கரைத் திருப்புவா, இங்க வரைக்கும் வந்து திருப்புவா. தையக்காரம்மா ரோட்டுலயே வந்து நம்ம வாசல்ல ஏறிக்கும். ரெண்டு பேரும் போவாங்க, திரும்புவாங்க, போவாங்க, திரும்புவாங்க. ஜெயில்ல நடக்கறாப்புல எனக்கே பாக்க ஒரு மாதிரி இருக்கும். நான் கேட்டுக்கு உள்ளாரயே பேப்பரை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். விழுந்தாப் பிடிக்கோணுமில்ல.

அங்கப்பன் வந்து சண்டை பிடிச்சான். "உங்க வீட்டம்மாவே இடிச்சுட்டாங்க, நாளைக்கு முனிசிபாலிட்டிக்காரன் வந்து தலைவர் வீட்டைப் பாருன்னு சொல்லுவான். நாங்க என்ன பதில் சொல்றது?" நான் சொன்னேன், அது அவ இஷ்டத்துக்குப் பண்ணுனது, என்ற கொள்கை மாறலைன்னு. நம்புனானோ என்னமோ.

அவன் சொன்ன மாதிரியேதான் ஆச்சு. கவுன்சிலர் பொண்ணு வந்து நம்ம வாசலைப் பாத்துச்சு. பாக்கியத்துகூட நின்னு பேசிட்டுப் போச்சு. மறுபடி கூட்டம்னு தண்டோராப் போடாத குறையாச் சொல்லிட்டாங்க. வார்டுக்காரங்க பாதிப் பேருக்கு மேல ஒத்துக்கிட்டா வேலையை ஆரம்பிச்சுருவாங்களாம்.

கூட்டத்து அன்னிக்கு நான் அங்கப்பன் ஸ்கூட்டருல முன்னாலயே போயிட்டேன். எதுத்துப் பேசறதுக்கு நல்லாத் தயார் பண்ணிட்டுப் போனேன். பாக்கியம் வருவான்னு எனக்குத் தெரியாது. ஜன்னல் வழியாப் பாத்தா, நடு ரோட்டுல ஒருத்தி வாக்கரோட, ஒருத்தி கட்டையோட வர்றாங்க. பின்னால பள்ளிக்கூட பஸ்ஸு, அதுக்குப் பின்னால காரு, ஆட்டோ, வரிசையா நின்னு ஹாரன் அடிக்குது. இவங்க அவசரப்படலை. ஓரமாப் போறதுக்கு ஓரம் எங்க இருக்குது? உள்ள வந்து கடைசி வரிசையில சேர் போட்டு உக்காந்துக்கிட்டாங்க.

நான் பேசுனேன். நல்லாத்தான் பேசுனேன். வயசானவங்க ஆஸ்பத்திரிக்கு அவசரமாப் போவோணும்னா கார் வாசலுக்கு வரவேண்டாமான்னு கேட்டேன். முன்னெல்லாம் கைதட்டுவாங்க. அன்னிக்கு யாரும் தட்டலை. எல்லாரும் கடைசி வரிசையைத் திரும்பிப் பாத்தாங்க. நான் உக்காந்துட்டேன்.

கவுன்சிலர் சொல்லுச்சு, "பிளாட்பாரம் வேணுங்கறவங்க மட்டும் எந்திரிச்சு நில்லுங்க. கிளார்க் எண்ணிக்குவாரு"ன்னு.

அங்கங்க எந்திரிச்சாங்க. நான் எதிர்பாக்காத ஆளெல்லாம் எந்திரிச்சாங்க. தையக்காரம்மா கட்டையை ஊணி எந்திரிச்சுது. பாக்கியம் வாக்கரைப் பிடிச்சு எந்திரிக்கப் பாக்கறா. அது பிளாஸ்டிக் சேருங்க, தரையில டைல்ஸு, சேரு பின்னால நழுவுது. பாதி எந்திரிச்சபடி நிக்கறா. மேலயும் வர முடியலை, கீழயும் உக்கார முடியலை. மொகம் வேர்த்துப்போச்சு. தையக்காரம்மாவால ஒரு கையைத்தான் குடுக்க முடியும். மத்தவங்க வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கறாங்க.

நான் எந்திரிச்சுப் போனேன். எப்படிப் போனேன்னு தெரியலை, போயிட்டேன். இந்தக் கக்கத்துல கையைக் குடுத்து நிமித்துனேன். நின்னுட்டா. என்ற முழங்கையைப் பிடிச்சுக்கிட்டா. மூச்சு வாங்குது.

கிளார்க் ஒவ்வொருத்தரா எண்ணிக்கிட்டு வந்தவரு எங்ககிட்ட வந்து நின்னாரு. அவளை எண்ணுனாரு. என்னைப் பாத்தாரு. "ஐயா, நீங்களுங்களா?"ன்னு கேட்டாரு. கூட்டம் பூராத் திரும்பிருச்சு. இல்லைப்பா, நான் பிடிச்சுக்கத்தான் வந்தேன்னு சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. அவ என்னைப் பாக்கவே இல்லைங்க, நேரா முன்னால பாத்துக்கிட்டு நிக்கறா. கை மட்டும் முழங்கையில இருக்குது. நான் ஒண்ணும் சொல்லலை. கிளார்க் கொஞ்ச நேரம் பாத்துட்டு, என்னையும் சேத்து எண்ணிக்கிட்டுப் போயிட்டாரு.

பாதிக்கு மேல வந்துருச்சு. தை பொறந்ததும் பொக்லைன் வருது, எல்லாரு வாசலும் போவுது. இனி ஸ்லோப்பு வேணும்னா கேட்டுக்கு உள்ளாரத்தான் போடோணும், நமக்கு அதுக்கு நீளம் பத்தாது. அதனாலதான் தம்பி காரை விக்கறேன். வண்டியில ஒரு குறையும் இல்லை.

சங்கத் தலைவர் பதவியில இருந்து என்னை எடுத்துட்டாங்க. அங்கப்பன் பேசறதில்லை. நான் போயி வெளக்கமாச் சொன்னேன், நான் பிளாட்பாரத்துக்கு எந்திரிக்கலைப்பா, அவளைப் பிடிக்கத்தான் எந்திரிச்சேன்னு. அதுக்கு அவன், "பிடிச்சு நிறுத்தியாச்சுல்ல, அப்புறம் உக்காந்திருக்கலாமே"ங்கறான்.

எப்படிங்க உக்காரறது? அவ உக்காரலையே.